நல்ல வீடு தேவை... நம்மூர் நாய்க்கு!

அடிபட்டுக் கிடந்த ஒரு தெரு நாயைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தீர்கள். காயம் ஆறிவிட்டது. இப்போது கேட் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. 'மணி' என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் மாமியாருக்கு இழுப்பு. ஹவுஸ் ஓனரும் முறைக்கிறார். சரி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நாலு பேரிடம் சொன்னால், எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஜாதி நாய்?"

"நம்மூர் நாய்தான், கலப்பு" என்று தயங்காமல் சொல்லுங்கள். நம் வெயிலுக்கு அதன் குட்டை முடி ரொம்பப் பொருத்தம். தட்டை மூக்கு 'பக்' நாய்கள் கோடையில் மூச்சுவிடத் திணறும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்றவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வருவதுண்டு. அதற்காக, "நாட்டு நாய்க்கு நோயே வராது" என்று சொல்லிவிடாதீர்கள். தடுப்பூசி எல்லா நாய்க்கும் ஒன்றுதான்.

அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சீர் கொடுக்கிறோம் அல்லவா? மணிக்கான சீர், அதன் தடுப்பூசி அட்டை!

குட்டியாக இருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 - 4 வார இடைவெளியில் போடுவார்கள். வெறிநோய்க்கான ஊசி 3 மாதம் ஆனதும் போடவேண்டும். வளர்ந்த நாய் என்றால் டாக்டர் ஒரு அட்டவணை போட்டுத் தருவார். பூச்சி மருந்தும், உண்ணிக்கு மருந்தும் அவசியம். உண்ணி கடிப்பதால் நாய்க்குக் காய்ச்சலும் ரத்தசோகையும் வரலாம். வசதி குறைவா? அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

மிக முக்கியமானது கருத்தடை ஆபரேஷன். ஆணோ பெண்ணோ, செய்துவிட்டுக் கொடுப்பதே நல்லது. "அப்புறம் அவங்களே பண்ணிப்பாங்க" என்று விட்டுவிட்டால், பெட்டை நாய் குட்டி போட்டதும் தாயும் குட்டிகளுமாகத் தெருவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. காயமும் உடம்பும் நன்றாகத் தேறிய பிறகு ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம்.

வரன் விசாரிப்பது போல விசாரியுங்கள்!

"பசங்க ஆசைப்படறாங்க" என்று ஒருவர் கேட்டவுடன் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமா? நாய் இரவில் எங்கே படுக்கும்? தினம் யார் வாக்கிங் அழைத்துப் போவார்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்? "மொட்டை மாடியில் கட்டிப் போட்டுடுவோம்" என்று பதில் வந்தால், கும்பிடு போட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

அந்த வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் முதலில் அவருடைய டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அவர் சரி என்றால், நாயோடு இரண்டு மூன்று முறை பழகிப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஃபிளாட்வாசிகள் "அசோசியேஷன் விடாது" என்பார்கள். நாயே வளர்க்கக் கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் பொது இடத்தில் கயிற்றில் பிடித்துச் செல்வதும், அசிங்கம் செய்தால் அள்ளுவதும் வளர்ப்பவர் பொறுப்பு.

மணியின் குணத்தையும் மறைக்காதீர்கள். செருப்பைக் கடிக்குமா, பட்டாசுக்குப் பயப்படுமா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா... எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் நாய்தான் திரும்பி வரும்!

புது வீட்டில் முதல் வாரம்

உங்களிடம் குழைந்த நாய், அங்கே போனதும் கட்டிலுக்கடியில் ஒளியலாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமலும் இருக்கலாம். பயம்தான் காரணம். அதற்கு மேலும் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி, பேதி இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பழகிய சாப்பாட்டையே முதலில் தரட்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். வழி தெரியாத ஊரில் ஓடிப்போனால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தைகள் தொந்தரவு செய்யக் கூடாது. விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தப்பித்தவறி பல் பட்டு ரத்தம் வந்தால், ஊசி போட்ட நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள்: "ஒத்துவரலேன்னா தெருவில் விட்டுடாதீங்க, எங்கிட்டயே கொடுத்துடுங்க." வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாயைப் புதுத் தெருவில் விட்டால், அங்கே இருக்கும் நாய்கள் கடித்துக் குதறிவிடும். பசியும் தாகமும் வாட்டும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கொடுத்த மறுநாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து ஒரு போன், மாதம் ஆனதும் நேரில் ஒரு நடை. அடுத்த ஊசித் தேதியையும் அப்போதே ஞாபகப்படுத்திவிட்டு வாருங்கள்.