கருவாட்டு டின் எங்கே இருக்கிறது?

மன்னார் என்றதும் நம்ம தோட்டத்துப் பெரியவர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, பாட்டன் பூட்டன் வந்திறங்கிய கதை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1914ஆம் ஆண்டு கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் வந்தவர்களில் பலர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் கால்நடையாகவே வந்தார்கள். மற்றது கருவாடு. நாம் இங்கே பேசப்போவது கருவாட்டைப் பற்றித்தான். அதிலும், வாங்கி வந்த கருவாட்டை அடுப்பங்கரையில் எங்கே, எப்படி வைப்பது என்பதைப் பற்றி.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் எடுத்தால் அந்தக் கணக்கு 17தான். இதற்குப் பல காரணம் உண்டு. வருமானமும் வீடும் தண்ணீரும் அதில் சேரும். ஆனால் ரொட்டியும் சம்பலும், சோறும் ரசமும் என்று நாள் ஓடுவதும் ஒரு காரணம். வீட்டில் பருப்பும் நெத்தலியும் இருந்தும் சட்டிக்குப் போகாத நாட்கள் எத்தனை! விடிந்தும் விடியாமல் பெரட்டுக்கு ஓட வேண்டிய அம்மா, பரணில் ஏறிச் சாக்கைக் கிளறிக்கொண்டிருக்க மாட்டாள். கைக்கு எட்டுவது எதுவோ அதுதான் அன்றைய கறி.

மன்னார்த் தீவில், பேசாலை, தலைமன்னார் பக்கத்து வீடுகளில் கருவாட்டை வைப்பது பெரிய வேலையில்லை. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும்தான். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும். பனையோலைப் பெட்டியில் போட்டு வைத்தாலே பல நாள் தாங்கும். அதே கருவாட்டை நுவரெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ கொண்டுவந்து அப்படியே வைத்தால் கொஞ்ச நாளில் ஈரம் ஊறிப் பூத்துப் போகும். காரணம் உப்பு. காற்றில் ஈரம் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டால் உப்பு அந்த ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மே மாதம் தொடங்கி மேற்கு மலைத் தோட்டங்களில் பனியும் மழையுமாக இருக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே நமக்குப் பெட்டி சரிவராது, இறுக்கமான மூடி போட்ட டின் வேண்டும். பழைய பால்மா டின் போதும். கழுவி நன்றாகக் காயவைத்து, கருவாட்டையும் ஒரு வெயிலில் போட்டெடுத்து, சூடு ஆறின பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். மழைக்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஆவி படாத உலர்ந்த தட்டில் வைக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை, செந்நிறமாகிப் பிசுபிசுப்பதைக் கழுவிச் சமைப்போம் என்று நினைக்க வேண்டாம். சில பூஞ்சண நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. காசு போட்டு வாங்கியது, மனசு வராதுதான். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கச் சொல்கிறோம்.

எல்லாக் கருவாடும் ஒன்றல்ல. கட்டாவும் திருக்கையும் ருசியானவை, விலையும் கூட. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நெத்தலியே மேல். முள்ளோடு தின்பதால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. ஒரு கைப்பிடி இருந்தாலே பருப்புக்கறியிலோ கீரையிலோ போட்டுவிடலாம். இரவே தலையைக் கிள்ளிச் சுத்தம் செய்து மூடி வைத்தால் காலையில் பாதி வேலை மிச்சம். சமைக்கும் முன் சுடுதண்ணீரில் இரண்டு தரம் ஊறவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது. பிரஷர் உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

நெத்தலி, பருப்பு, பயறு அல்லது கடலை, இந்த மூன்று டின்னும் நின்ற இடத்தில் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் முன்வரிசையில் இருக்கட்டும். சீனி டின் பின்னால் போகட்டும். பிஸ்கட் பெட்டியும் அப்படித்தான். கிளினிக்கில் தாய்க்கோ பிள்ளைக்கோ கொடுத்த திரிபோஷாவைப் பொதுச் சாமானோடு சேர்க்காமல், யாருக்கு உரியது என்று தெரியும்படி தனியாக வையுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னாரிலும் உப்பளம் உண்டு. கடற்கரையில் இருப்பவர்களுக்கு மீனிலேயே அயடீன் கிடைக்கிறது. மழை அரித்த மலைமண்ணில் அது குறைவு. கழுத்தில் கழலை வருவதற்கு இதுவும் காரணம். 1995இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் உப்புச் சட்டியைத் திறந்து அடுப்போரம் வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் குறைந்துவிடும். மூடி வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

மன்னார்ப் பக்கத்துக்கு முருங்கை நன்றாக ஒத்துவரும். நம்ம குளிருக்கு அது அவ்வளவாக வராது. பரவாயில்லை, வல்லாரையும் பொன்னாங்காணியும் பூசணிக் கொழுந்தும் வரும். காம்பராவின் பின்பக்கம் அரிசி கழுவின தண்ணீர் போகிற இடத்தில் நட்டால் தனியாக ஊற்ற வேண்டியதில்லை. கீரையில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறோமே என்று கோபிக்க வேண்டாம், இரத்தம் குறைந்த உடம்போடு கூடை சுமப்பது பெண்கள்தானே!

லாம்பெண்ணெய், களைநாசினி இருந்த போத்தலும் கேனும் அடுப்பங்கரைக்குள் வரவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடிக்கக் கூடாது.

கடைசியாகப் பரிமாறுகிற விஷயம். பல வீடுகளில் மீன் துண்டு ஆம்பிளைக்கு, மிச்சம் பிள்ளைக்கு, வழித்த சட்டி அம்மாவுக்கு. கர்ப்பிணியானாலும் பால் கொடுப்பவளானாலும் இதே கதைதான். டின்னை ஒழுங்காக வைத்து என்ன பயன்? கறி இறக்கியதும், யாரும் உட்காருவதற்கு முன்பே, தாய்க்கும் சின்னப் பிள்ளைக்கும் உரியதை இரண்டு சிறு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அந்தக் கிண்ணங்களை வீட்டு ஆம்பிளைகளே எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.