டெண்டரில் விலை போடுமுன் வரியைப் பாருங்கள்

பாடசாலைக்குத் தளபாடம், பிரதேச சபைக்குக் காகிதாதிகள் என அரச டெண்டர்களில் நமது சிறு வியாபாரிகள் பலர் பங்குபற்றுகிறார்கள். இலாபம் வைத்துத்தான் விலை போடுகிறார்கள். ஆனால் கணக்கு முடிக்கும்போது சிலருக்குக் கை நட்டம். நான் பார்த்தவரையில் இதற்கு முதற் காரணம், பெறுமதி சேர் வரியை (வற்) விலைக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்ற தெளிவின்மையே.

ஓர் உதாரணம். வற் பதிவுள்ள ஒருவர் 10 இலட்சம் ரூபாவுக்குப் பொருள் வாங்குகிறார். 2024 ஜனவரி முதல் உள்ள 18 வீதப்படி அதற்கு வற் 1,80,000 ரூபா. அவர் 11 இலட்சம் விலையிட்டு, வற் 1,98,000 எனத் தனியாகக் காட்டினால், வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்து 18,000 ரூபாவைத் திணைக்களத்துக்குச் செலுத்துவார். ஒரு இலட்சம் ரூபா அவருக்கு மிஞ்சும்.

அதே வியாபாரி 11 இலட்சத்தை 'வற் உட்பட' என்று எழுதிக்கொடுத்தால் என்னவாகும்? அதற்குள் 1,67,797 ரூபா வரி. அவருடைய விற்பனை விலை 9,32,203 ரூபா மட்டுமே. இலாபம் போய், 67,797 ரூபா நட்டம். ஒரு சொல் செய்த வேலை இது.

வற் பதிவில்லாதவரின் நிலை வேறு. அவர் வற் அறவிடவோ, வரி விலைப்பட்டியல் கொடுக்கவோ முடியாது. வாங்கும்போது கொடுத்த 1,80,000 ரூபாவைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை. அவருடைய அடக்கவிலை 11,80,000 ரூபா. பதிவுள்ள போட்டியாளரின் 11 இலட்சத்தைப் பார்த்து அதே விலையைப் போட்டால் 80,000 ரூபா கையிலிருந்து போகும்.

வரி வீதமும் நிலையாக இருப்பதில்லை. 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. வற்றைத் தனியாகக் காட்டியிருந்தால் உயர்வை அரச நிறுவனத்திடம் கேட்க இடமுண்டு. உள்ளடக்கி எழுதியவருக்கு அது எளிதல்ல. விலைமனு முடிவுத் தினத்துக்கு 28 நாட்களுக்கு முன் என்பதுபோல ஒரு திகதியை வைத்து, அதன் பின்னான சட்ட மாற்றத்துக்கு விலை திருத்தப்படும் என்ற வாசகம் ஆவணத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய விலைப்பத்திரத்தைப் பிரதிபண்ணிக் கொடுப்பவர்களும் உண்டு. மாகாண சபைகளின் புரள்வு வரி 2011 இல் நீக்கப்பட்டது. தேசக் கட்டுமான வரி 2019 டிசம்பரில் ஒழிந்தது. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு அறவீட்டுக்கு, வற் போல் கழிவு கிடையாது. அதற்கு நீங்கள் உட்பட்டவராயின் அது அடக்கவிலையில் சேரவேண்டும்.

50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட டெண்டர்களுக்கு 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவு செய்யவேண்டும். அந்தக் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அரச பணம் வர மாதங்கள் செல்லலாம். ஆனால் பொதுவாகப் பொருள் கொடுத்து விலைப்பட்டியல் எழுதியதுமே வற் கடமை தொடங்கிவிடும். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டே டெண்டரில் இறங்குங்கள். சந்தேகம் இருந்தால், முடிவுத் தினத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.