ஸ்மார்ட் போர்டு படுகு பேசுமா?

குன்னூர் பக்கம் ஜெகதளா. இங்கே படுகர் வீட்டுக் குழந்தைகள் அம்மாவிடம் பேசுவது படுகு. ஸ்கூலுக்குப் போனால் தமிழ், கூடவே இங்கிலீஷ். இப்படியொரு கிளாஸில் ஸ்மார்ட் போர்டை மாட்டிட்டா மட்டும் பாடம் புரிஞ்சிடுமா?

மகாராஷ்டிராவுக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாம், வாங்க! சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடி கிராமப் பள்ளிக்கு 2009-ல் வந்தார் ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே. குழந்தைகளின் தாய்மொழி கன்னடம். பாடமோ வேறு மொழியில். மனுஷர் முதலில் கன்னடம் கற்றார். 1 முதல் 4-ம் வகுப்பு வரையான புத்தகங்களைக் கன்னடத்தில் மாற்றினார். அதன்பிறகுதான் க்யூ.ஆர். கோடு! ஸ்கேன் பண்ணினால் பாட்டு, கதை, வீடியோ. 2020-ல் 10 லட்சம் டாலர் 'குளோபல் டீச்சர் பிரைஸ்' அவருக்கே. அதிலும் பாதியை மற்ற 9 இறுதிப் போட்டியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்!

நம்ம தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களிலும் 2018-ல் க்யூ.ஆர். கோடு வந்தாச்சு. ஆனால், அதைப் பழகிக்கொள்ள டீச்சருக்கு நேரம் வேணும். சந்தேகம் வந்தால் கூச்சமில்லாமல் கேட்கப் பக்கத்திலேயே ஒரு ஆள் வேணும். மலையில் சிக்னல் போனாலும் ஓடுகிற மாதிரி, வீடியோ பென் டிரைவில் இருக்கணும்.

படுகு தெரிந்த காலேஜ் மக்களே, அந்த 'ஒரு ஆள்' ஏன் நீங்களாக இருக்கக் கூடாது? டீச்சரிடம் கேட்டு, ஒரு பாடத்தை ரெண்டே நிமிஷம் படுகில் பேசி ரெக்கார்டு பண்ணிக் கொடுங்க. ஸ்மார்ட் போர்டு தானா பேசாது. நாமதான் பேச வைக்கணும்!