மாற்றுத்திறனாளிகளுக்கான மதிப்பீடு: புதிய விதிகளும் உங்கள் ஆயத்தமும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறிக்கப்படும் சதவீதமே பெரும்பாலான நலத்திட்ட உதவிகளுக்கு அடிப்படையாகும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெற, கடும் பாதிப்புடையோருக்கு 75 சதவீதமும், அறிவுசார் குறைபாடு அல்லது தசைச்சிதைவு நோய் உடையோருக்கு 40 சதவீதமும் பாதிப்பு இருத்தல் வேண்டும். ஆகவே, மதிப்பீட்டு நாளில் விடுபடும் ஓர் அறிக்கையோ, சொல்லாமல் விட்ட ஓர் உண்மையோ உங்களுக்கு உரிய உதவியைத் தள்ளிப்போடக்கூடும்.

என்னென்ன மாறியுள்ளன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. இவற்றை அளவிடுவதற்கான 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பதிலாக, 2024 மார்ச் மாதம் புதிய நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் விதிகளும் திருத்தப்பட்டன. அவற்றின் முக்கியக் கூறுகள்:

• விண்ணப்பத்துடன் அடையாளச் சான்று, ஆதார் விவரம், ஆறு மாதத்திற்கு உட்பட்ட புகைப்படம் ஆகியவை அளிக்கப்பட வேண்டும்.
• சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதங்களாக உயர்த்தப்பட்டுள்ளது.
• இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவு எட்டப்படாத விண்ணப்பம் காலாவதியாகும். மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.
• தனித்துவ அடையாள அட்டை மூன்று நிறங்களில் வழங்கப்படும்: 40 சதவீதத்திற்குக் குறைவெனில் வெள்ளை, 40 முதல் 80 சதவீதத்திற்குள் மஞ்சள், 80 சதவீதமும் அதற்கு மேலும் நீலம்.

சதவீதமும் ஆதரவுத் தேவையும் ஒன்றல்ல

மருத்துவர் அளவிடுவது உடல் அல்லது மன இயக்கத்தில் ஏற்பட்டுள்ள குறைபாட்டின் அளவை. நாள்தோறும் ஒருவருக்கு எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பது வேறு கேள்வி. ஒரே சதவீதம் உடைய இருவரில் ஒருவர் தாமாகவே உண்ணலாம். மற்றவரை இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருக்கலாம். இதனால்தான் சட்டத்தின் 38ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புடைய ஒருவர் உயர் ஆதரவு கோரித் தனியே விண்ணப்பிக்க வழிசெய்கிறது. அவர் சார்பில் பிறரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். அதனை மதிப்பீட்டு வாரியம் ஆராயும்.

வீட்டில் ஒரு வாரக் குறிப்பு

"பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறார்" என்று சொல்வது நம் குடும்பங்களின் இயல்பு. பிறர் முன் குறையைச் சொல்லக் கூசுவதும் உண்டு. ஆனால், மதிப்பீடு செய்பவர் உங்களைச் சில நிமிடங்களே காண்கிறார். உங்கள் இரவுகளை அவர் அறியார். எனவே, மதிப்பீட்டுக்கு முன் ஒரு வாரம் பின்வருவனவற்றை எழுதி வையுங்கள்:

• குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லல் ஆகியவற்றில் எதற்கு, யார், எவ்வளவு நேரம் உதவினர்?
• இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருந்தது?
• வலிப்பு, கீழே விழுதல், வீட்டை விட்டு வெளியேறுதல் போன்றவை எப்போது நேர்ந்தன?
• தனியே விட இயலாத நேரங்கள் எவை?

நல்ல நாள், கடினமான நாள் இரண்டையும் உள்ளபடியே குறியுங்கள். மிகைப்படுத்துதலும் வேண்டாம், மறைத்தலும் வேண்டாம்.

மதிப்பீட்டு நாளில்

தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்ட மருத்துவ அதிகாரியிடமோ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ மதிப்பீடு கோரலாம். மதுரை மாவட்டத்தினர், மருத்துவ முகாம் நாள்களை ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பகுதிகளிலிருந்து வருவோர் வெயிலையும் காத்திருப்பையும் கருதி, குடிநீர், உணவு, அந்நேர மருந்துகள், மாற்றுடை ஆகியவற்றை உடன் கொண்டு வரவும்.

பழைய சான்றிதழ், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை நாள்வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைக்கவும். செவித்துணைக் கருவி, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், செயற்கைக் கால் போன்று வழக்கமாகப் பயன்படுத்துபவற்றை விட்டுவிட்டு வர வேண்டாம். மதிப்பீட்டுக்காக எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. இயன்றவரை மாற்றுத்திறனாளியே முதலில் பேசட்டும். விடுபட்டதைப் பராமரிப்பாளர் சேர்க்கலாம். சான்றிதழ் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

முடிவு ஏற்புடையதாக இல்லையெனில்

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதற்கான காரணத்தை எழுத்து மூலம் பெறுவது உங்கள் உரிமை. மதிப்பீட்டு முடிவை எதிர்த்துச் சட்டத்தின் 59ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மத்திய விதிகளின்படி இதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. சிறார் சார்பில் பாதுகாவலர் முறையிடலாம்.

கையிலுள்ள சான்றிதழில் செல்லுபடியாகும் நாள் குறிக்கப்பட்டுள்ளதா என்பதை இன்றே பாருங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட சான்றிதழும் அதில் குறித்த காலம் வரை செல்லும். நாள் குறிக்கப்பட்டிருப்பின், அது முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். உதவித்தொகை இடையில் நின்றுபோகாமல் காக்க அதுவே எளிய வழி.