இரக்கம் கேளாத தோழமை



எமது தேயிலைத் தோட்டங்களில் துரையின் பங்களா மேட்டிலும் தொழிலாளரின் லயம் பள்ளத்திலும் அமைந்திருப்பதைக் காண்கிறோம். நடந்து சென்றால் சில நிமிடத் தூரம்தான். ஆயினும் அத்தூரத்தைக் கடந்து ஒருவர் மற்றவருக்கு நண்பராவது அரிது. இன்று அட்டன், நுவரெலியா பகுதிகளிலிருந்து எம் பிள்ளைகள் பலர் கொழும்புக்குச் சென்று, வசதி படைத்தோரின் இல்லங்களில் பணிபுரிகின்றனர். முதியோரையும் நோயுற்றோரையும் பராமரிக்கின்றனர். அங்கும் அதே தூரம் அவர்களுடன் செல்கிறது. அதனைக் கடக்க முடியுமா?

2016ஆம் ஆண்டு நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்து வெளிவந்த 'தோழா' திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 2011இல் வெளிவந்த 'தி இன்டச்சபிள்ஸ்' என்னும் பிரெஞ்சுப் படத்தின் தழுவலாகும். அதன் பெயருக்குத் 'தீண்டத்தகாதவர்கள்' என்று பொருள். கதையோ உண்மை வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது.

பிலிப் பொஸ்ஸோ தி போர்கோ 1951இல் பிரபு குலத்தில் பிறந்த செல்வந்தர். 1993இல் பாராகிளைடிங் விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே அவரது உடல் செயலிழந்தது. மூன்று ஆண்டுகளில் மனைவியையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவரைப் பராமரிக்க வந்தவர் அப்தெல் செல்லு. அல்ஜீரியாவில் பிறந்தவர், சிறைவாசம் அனுபவித்தவர், பிலிப்பை விட 20 வயது இளையவர். பணியாளராக வந்தவர் நண்பரானார். பணிக்காலம் முடிந்த பின்னரும் அந்நட்பு முடியவில்லை. பிலிப் 2023இல் காலமானார்.

பிரெஞ்சுப் படத்தில் வரும் இளைஞன் வேலை செய்யும் எண்ணத்துடன் அவ்வீட்டுக்கு வரவில்லை. அரச உதவிப் பணம் பெறுவதற்கு, வேலை தேடியதாக ஒரு கையொப்பம் வேண்டும்; அவ்வளவே. இத்தகையோரிடம் இரக்கமே இராது என்று நண்பர் ஒருவர் செல்வந்தரை எச்சரிக்கிறார். தமக்கு வேண்டியது அதுதான் என்கிறார் அவர். அவரால் கையை அசைக்க முடியாது என்பதை மறந்து, அந்த இளைஞன் அடிக்கடி தொலைபேசியை அவரிடம் நீட்டிவிடுகிறான். மற்றவர்கள் அவரை நோயாளியாகப் பார்த்தார்கள். அவனோ மனிதராகப் பார்த்தான். அவரும் அவனைச் சிறை சென்றவனாகப் பார்க்கவில்லை. தமது உடலையே நம்பி ஒப்படைத்தார்.

தம் கதையைப் படமாக்க இசைந்த பிலிப், அதன் வருவாயில் ஒரு பங்கை மாற்றுத்திறனாளிகளும் பிறரும் ஒரே இல்லத்தில் சேர்ந்து வாழ வழிசெய்யும் அமைப்பொன்றுக்கு வழங்கச் செய்தார். அவ்வமைப்பின் பெயர் 'சீரேன் ஊர் சீமோன்'. அவரை நாம் அறிவோம். தவக்காலச் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் அவர்முன் முழந்தாளிடுகிறோம் அல்லவா?

சீமோன் விரும்பி வந்தவரல்லர். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தினர். ஆயினும் நற்செய்தியாளர் மாற்கு அவரது பிள்ளைகளான அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் பெயர்களையும் குறிப்பிடுகிறார். கட்டாயத்தில் தொடங்கிய ஒரு சுமை, ஒரு குடும்பத்தின் பெயரைத் திருச்சபையின் நினைவில் நிலைக்கச் செய்தது. வழிப்போக்கர் ஒருவரின் தோளை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது. உதவி பெறுவதில் இழிவில்லை என்பதை அவரே காட்டினார்.

அன்புக்குரியவர்களே! இரக்கம் மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. தோழமை அருகில் வந்து அமர்கிறது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த பாட்டி ஒருவர் உங்கள் லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்திருக்கக்கூடும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் அவருக்குச் சேலையும் பலகாரமும் கொடுக்கிறோம். ஆனால் அவர் சொல்லும் கதையை இறுதிவரை கேட்க எத்தனை பேர் அமர்கிறோம்? பிறர் வீட்டு முதியவரை அன்போடு பராமரிக்கும் எம் பிள்ளை விடுமுறையில் வரும்போது, தன் பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாளா?

பிறர் பிள்ளையைப் பணிக்கு அமர்த்தியிருப்போருக்கும் ஒரு சொல். அவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். நியாயமான கூலியும் ஓய்வும் கொடுங்கள். நீதி இல்லாத இடத்தில் தோழமை வெறும் பேச்சே. படத்தில் வரும் இளைஞனுக்கும் சம்பளமும் தங்குவதற்கு அறையும் கிடைத்த பின்னரே நட்பு வளர்ந்தது.

இந்த வாரம் உங்கள் அயலில் தனித்திருக்கும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். கையில் எதுவும் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. அவர் ஊற்றித் தரும் தேநீரை வாங்கி அருந்துங்கள். கொடுப்பவராக மட்டுமன்றிப் பெறுபவராகவும் அவர் அருகில் அமருங்கள். பங்களாவுக்கும் லயத்துக்கும், முதுமைக்கும் இளமைக்கும் இடையிலான தூரம் அந்த ஒரு கோப்பைத் தேநீரில் குறையத் தொடங்கும்.