மெதட்களுக்கு அனுமதி இல்லை

வாங்க வாங்க, சத்தம் மட்டும் போடாதீங்க! பஸ் டிக்கெட் செயலி எழுதுகிற குட்டி அலுவலகம் இது. உள்ளே விட்டுவிட்டார்கள், எனக்கே நம்ப முடியவில்லை. மேஜையில் ஆறிப்போன டீ, பாதி கடித்த பஜ்ஜி, நாற்காலி முதுகில் யாருடையதோ ஒரு துண்டு. திரையில் பைதான்.

நாம் போனில் பார்க்கிற டிக்கெட் இங்கே ஒரு கிளாஸின் ஆப்ஜெக்ட். பயணி பெயர், புறப்படும் நேரம், கட்டணம், ஏற வேண்டிய பஸ் எல்லாம் அதற்குள். ‘ரத்து செய்’ என்று ஒரு மெதட்கூட உண்டு. ஆனால் போனுக்குப் போவது ஜேசன் என்கிற வெறும் எழுத்துதான்.

டிக்கெட்டை ஜேசனாக்க, திரை முன் உட்கார்ந்திருந்த பெண் என்டர் தட்டினாள். சிவப்பு! டைப்எரர். “உன் கிளாஸை அதுக்கு யாரும்மா அறிமுகப்படுத்தினது?” என்று பக்கத்து சீட் அண்ணன் சிரிக்கிறார். நியாயம்தான். ஜேசனுக்குத் தெரிந்தது ஆறே வகை: ஆப்ஜெக்ட், அரே, ஸ்ட்ரிங், எண், உண்மை-பொய், நல்.

தெரியாத பொருள் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ‘டிஃபால்ட்’ என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு குட்டி ஃபங்ஷன்: ஆப்ஜெக்டின் தகவல்களை மட்டும் டிக்‌ஷனரியாக எடுத்துக் கொடு. சீர்த்தட்டுகள் வண்டி ஏறும், சமையல்காரர் இங்கேயே நிற்பார் என்பது போல, ‘ரத்து செய்’ கிளாஸிலேயே தங்கிவிடுகிறது.

மறுபடி சிவப்பு. இப்போது தேதி. அதை ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக்கினாள். அடுத்து கட்டணம், டெசிமல். இங்கேதான் சண்டை! “ஃப்ளோட் போட்டா முடிஞ்சது” என்கிறார் ஒருவர். “காசு விஷயம்ணா, பைசா நகரக் கூடாது” என்கிறாள் இவள். ஸ்ட்ரிங் ஜெயித்தது. என் ஓட்டும் அதற்கே.

பிறகு ஒரு சுழல். டிக்கெட்டுக்குள் பஸ், அந்த பஸ்ஸுக்குள் டிக்கெட் பட்டியல், அதில் திரும்பவும் இதே டிக்கெட். பைதான் கண்டுபிடித்துக் கத்தியது. பஸ்ஸுக்குப் பதில் அதன் எண்ணை மட்டும் அனுப்பினாள்.

ஓடிவிட்டது! ஆனால் பயணி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கிறுக்கல். ‘அம்மா’ என்று கொடுத்திருந்தாள். ஒவ்வொரு குறியும் ஆறு எழுத்துச் சங்கேதமாகி 30 எழுத்துகள் நிற்கின்றன. போன் இதைச் சரியாகவே படித்துக்கொள்ளும், நம் கண்தான் திண்டாடும். ‘என்ஷ்யூர் ஆஸ்கி’யை அணைத்ததும் தமிழ் வந்தது. எதற்கு அம்மா பெயரில் டிக்கெட் என்று கேட்டேன். “டெஸ்ட்லயாவது ஊர் சுத்தட்டும் சார்.”

கைதட்டல். அதே சூட்டில் ஏசி, போர்வை, தண்ணீர் பாட்டில் என்று வசதிகளை ஒரு செட்டில் போட்டுச் சேர்த்து, என்டர் தட்டினாள்.

சிவப்பு.

“லிஸ்ட் போடும்மா, லிஸ்ட்டு!” அறையே கத்துகிறது.