ஒரு காரின் காலைச் சத்தம்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எவ்விதத் தகுதியும் இல்லை. முப்பது ஆண்டுகள் பாடசாலையில் தமிழ் கற்பித்தவன் நான். வெண்பாவிலே தளை தட்டினால் என் செவி உடனே கண்டுகொள்ளும். எஞ்சினிலே எது தட்டுகிறது என்று கேட்டால் விழித்துக்கொண்டு நிற்பேன். அத்தகைய என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்ததும், அதற்கு எந்த ஒயிலை ஊற்றுவது என்ற வினா என் உறக்கத்தைக் கெடுத்ததும் நான் எதிர்பாராதவை.

கார் என்னுடையதன்று, என் தம்பியுடையது. யப்பானில் 1990ஆம் ஆண்டு செய்யப்பட்ட இரு ஆசன வண்டி. உலகம் அதனை மஸ்டா எம்.எக்ஸ். 5 என்று அறியும். பிறந்த நாட்டிலே யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையாயிற்று. 1989ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிகாகோ நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த இனத்தின் பத்து இலட்சமாவது வண்டி 2016இல் ஹிரோசிமாத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. துணிக்கூரை, 1.6 லீற்றர் எஞ்சின், பதினாறு வால்வுகள் என்று இவ்வளவே அதன் செல்வம். பல ஆண்டுகள் பணம் சேர்த்து அதை வாங்கிய தம்பி, 2019இல் கனடாவுக்குப் புறப்படும்போது திறப்பை என் கையில் தந்து, "அண்ணை, கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கோ. நிண்ட இடத்தில நிண்டால் பழுதாப் போகும்," என்று கூறிப் போனான்.

அவன் சொல்லை இரண்டு ஆண்டுகள் காப்பாற்றினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, உள்ளதைப் பேணவேண்டும் என்ற கவலை இன்னும் கூடிற்று. ஆனால், 2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். யூலை மாதத்தில் பங்கீட்டு முறை தொடங்கிக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரையறுத்தபோதும், உல்லாச வண்டி ஒன்றுக்காக அந்த வரிசையில் நிற்க என் மனம் ஒப்பவில்லை. வண்டி எட்டு மாதங்கள் அசையாமல் நின்றது. ஒயிலோ அதற்கும் முந்திய பழைய ஒயில்.

மீண்டும் ஒரு காலை திறப்பைத் திருகினேன். எஞ்சின் உயிர்பெற்றது, கூடவே ஒரு சத்தமும் பிறந்தது. கந்தோர் ஒன்றிலே பல தட்டச்சுப் பொறிகள் ஒரே வேளையில் வேலை செய்தாற்போல ஓயாத 'டிக், டிக்'. முன்பும் சில கணங்கள் அச்சத்தம் கேட்டு மறைவதுண்டு. இப்பொழுது ஒரு நிமிடத்துக்கு மேலாகியும் ஓயவில்லை. சூடேறிய பின்னரும் மெல்லிதாய்க் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவ்வாண்டு மார்கழியில் தம்பி வருவதாக இருந்தான். வண்டியை எட்டு மாதம் ஓட்டாததை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் வருமுன் எப்படியாவது சத்தத்தை அடக்கிவிட வேண்டும் என்பதே என் எண்ணமாயிற்று.

கராஜ்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். "மாஸ்டர், இது பழைய எஞ்சின். தடிச்ச ஒயில் போட்டால் சத்தம் அடங்கிவிடும்," என்றார். 20டபிள்யூ-50 என்று எழுதிய ஒயில் ஊற்றப்பட்டது. வீடு திரும்பும்போது சூடேறிய எஞ்சின் அமைதியாக இருந்தது. அது மட்டுமன்று, முகப்பிலுள்ள ஒயில் அமுக்கமானியின் முள் முன்னரிலும் உயர்ந்து நின்றது. இரத்தம் ஊறிய நோயாளியைக் கண்டவன்போல் மகிழ்ந்தேன்.

மறுநாட் காலையில் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சத்தம் முன்னிலும் நெடுநேரம், ஏறக்குறைய இரண்டு நிமிடம், தட்டிக்கொண்டிருந்தது. முள் உயர்ந்துதானே நிற்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எங்கள் ஒழுங்கையில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். காலைச் சத்தம் அவரை வேலியோரத்துக்கு அழைத்து வந்தது. நடந்ததைச் சொல்லி, அமுக்கமானியையும் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அமுக்கம் கூடினால் நல்லதெண்டு ஆர் மாஸ்டர் உங்களுக்குச் சொன்னது? தண்ணிக் குழாயின்ர வாயைப் பெருவிரலால் பொத்திப் பாருங்கோ. உள்ளுக்கு அமுக்கம் கூடும், வாளி நிரம்புமோ?"

அந்த ஒரு வினாவே எனக்குப் பாடமாயிற்று. அமுக்கம் வேறு, ஓட்டம் வேறு. ஒயிலைத் தள்ளும் பம்பியானது எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. ஒயில் மிகத் தடிப்பாயிருந்து நுண்ணிய வழிகளில் நுழையத் தயங்கினால், பின்னால் அமுக்கம் ஏறும். எல்லை மீறியதும் காப்பு வால்வு திறந்து ஒயிலின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பிவிடும். முள் உயர்ந்து நிற்கும். தொலைவிலுள்ள உறுப்போ தாகத்தால் தவிக்கும்.

அந்தத் தொலைவிலுள்ள உறுப்பே என் வண்டியில் சத்தமிட்டது. முதற் காலத்து எம்.எக்ஸ். 5 எஞ்சினில் ஒவ்வொரு வால்வுக்கும் மேலே சிறு குவளை போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள்ளே நுண்ணிய முசலமும், ஒரு வில்லும், ஒருவழி அடைப்பாகிய சிறு குண்டும் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது ஒயில் அதனுள் நிரம்பி, வால்வுக்கும் அதைத் தள்ளும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளியைத் தானாகவே நிரப்பிவிடும். வெளி இல்லையாயின் தட்டும் இல்லை. வண்டி நெடுங்காலம் நின்றால் அவ்வொயில் கசிந்து இறங்க, அவ்விடத்தில் காற்று புகும். ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே ஒயில் திரும்பி வந்து காற்றை வெளியேற்றும் வரையில் இரும்பு இரும்பைத் தட்டும். பழைய ஒயிலின் பிசின் முசலத்தைப் பற்றிக்கொண்டால் சத்தம் சூட்டிலும் நீளும். எனவே பிழை வண்டியைச் செய்தவருடையதன்று; நிறுத்தி வைத்த என்னுடையது.

அப்படியாயின் தடித்த ஒயில் ஊற்றியபோது சூட்டிலே சத்தம் அடங்கியது ஏன்? தடித்த ஒயில் அக்குவளையிலிருந்து மெதுவாகவே கசியும். ஆதலால் நோயுற்ற உறுப்பும் நிரம்பியது போலத் தோன்றும். காலையிலோ அதே தடிப்புக் காரணமாக அவ்விடத்தைச் சென்றடையப் பிந்தும். நோய் அப்படியே இருக்க, முனகல் மட்டும் இடம் மாறிற்று.

ஒயிற் கலத்தின்மேல் எழுதியுள்ள எண்களின் பொருளையும் நண்பரே விளக்கினார். மோட்டார்ப் பொறியியலாளரின் அமெரிக்கக் கழகம் 1911இல் தொடங்கிவைத்த வகுப்புமுறையின் வழிவந்தவை அவை. 10டபிள்யூ-30 என்பதில், டபிள்யூ என்பது மாரிகாலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண், கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு எளிதில் அசையும் என்பதைக் காட்டும். 10 என்ற தரம் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியசில் சோதிக்கப்படுவது. பின்னுள்ள எண் 100 பாகையில் உள்ள பிசுக்குமையைக் காட்டுவது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எண் கூடினால் தரம் கூடியது என்பதன்று. பிசுக்குமை கூடியது என்பதே பொருள்.

இதிலே பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. குளிரில் 10 ஆக இருக்கும் ஒயில் சூட்டில் 30 ஆகத் தடிக்கிறது என்று எண்ணியிருந்தேன். எந்த ஒயிலும் சூட்டில் இளகுமேயன்றித் தடிக்காது. நுவரெலியாவின் குளிரில் உறையும் தேங்காயெண்ணெய் கொழும்பில் நீராய் ஓடுவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. இரு எண்களும் இரு வேறு அளவுகோல்கள், அவ்வளவே. நமது கரையோர ஊர்களின் காலை வெப்பம் 25, 28 பாகை என்று இருந்தாலும், ஓடிச் சூடேறிய எஞ்சினோடு ஒப்பிட அதுவும் குளிரே. அந்நிலையில் 10டபிள்யூ-30 ஒயில் 100 பாகையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தடித்திருக்கும். 20டபிள்யூ-50 அதனிலும் பொதுவாக இரு மடங்குக்கு மேல் தடித்திருக்கும். நான் ஊற்றியது அதைத்தான்.

"வேறொண்டும் பாக்க வேணும். வடிகட்டி எப்பிடி?" என்றார் நண்பர். ஒயில் வடிகட்டியினுள்ளே, எஞ்சின் நின்றபின் ஒயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்கும் இறப்பர் அடைப்பு ஒன்று உண்டு. அது இறுகிப் பழுதானால் இரவெல்லாம் வடிகட்டி வெறுமையாகி, காலையில் அதனை நிரப்பிய பின்னரே ஒயில் மேலேறும். எத்தகைய சிறந்த ஒயிலும் அக்குறையை ஈடுசெய்யாது.

இவ்வளவும் தெரிந்த பின் செய்தவை எளியவை. வண்டியின் கைந்நூல் கூறும் 10டபிள்யூ-30 ஒயிலைத் தெரிந்தெடுத்தோம். கலத்தின்மேல் அழகிய படம் இருக்கிறதா என்பதைவிட, பிசுக்குமை எண்ணும், கழுவி வைத்திருக்கும் ஆற்றலை உறுதிசெய்யும் தரக்குறியும் இருக்கின்றனவா என்றே பார்த்தோம். பழைய ஒயிலை எஞ்சின் சூடாயிருக்கும்போது வடித்து, புதிய வடிகட்டி பூட்டி, ஏறக்குறைய மூன்றரை லீற்றர் ஊற்றினோம். நின்ற இடத்தில் உறும விடாமல், நன்றாகச் சூடேறும்வரை நெடுந்தூரம் ஓட்டினேன். சூடேறாத ஓட்டம் ஒயிலில் நீரையும் பெற்றோலையுமே சேர்க்கும். 500 கிலோமீற்றர் முடிந்ததும் அவ்வொயிலையும் வடித்தோம். கறுத்து இறங்கியது, அது கழுவிய அழுக்கு. மீண்டும் அதே ஒயில்.

இரண்டு நிமிடச் சத்தம் முதலில் அரை நிமிடமாயிற்று. பின்னர் சில கணங்களாயிற்று. ஒரேயொரு குவளை மட்டும் காலையில் சற்றுப் பிந்தியே அடங்குகிறது. அதற்கு ஒயில் மருந்தன்று. உறுப்பையே மாற்ற வேண்டும்.

தொடக்கச் சத்தம் எல்லாம் ஒயிலாலே தீரும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சங்கிலியால் இயங்கும் எஞ்சின்களில் அதனை இழுத்துப் பிடிக்கும் உறுப்புத் தளர்ந்தாலும் காலையில் கலகலக்கும். அடிவயிற்றிலிருந்து கனமாக எழும் இடியோசையும் அமுக்கத் தாழ்வும் ஒன்றாக வந்தால், ஒயில் தேடிக்கொண்டிராமல் எஞ்சினை அக்கணமே நிறுத்துவதே அறிவுடைமை.

மார்கழிக்கு முன்பே ஒரு நாள், தம்பி தொலைபேசியில் பேசியபோது, எட்டு மாதக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். பின்னர் எஞ்சினை இயக்கித் தொலைபேசியை அதனருகே பிடித்தேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை.

"அண்ணை, ஒண்டு மட்டும் இன்னும் தட்டுது என்ன?" என்றான்.

"ஓம் தம்பி. அதை நான் மறைக்கேல்லை."

"மறைச்சிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்காது. வந்து மாத்துவம்," என்றான்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில், "சத்தம் போடாதே" என்று எத்தனை பிள்ளைகளை அடக்கியிருப்பேன்! ஏன் சத்தமிடுகிறான் என்று கேட்டது எத்தனை முறை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்த எண்ணிக்கை எனக்குப் பெருமை தருவதாயில்லை.